சேர்க்கை குறைந்தபோது நாங்கள் தீட்டிய வரவுசெலவுத் திட்டம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்புகளைச் சிங்கப்பூரில் நடத்தும் தனியார் கல்வி நிலையத்தின் நிதிப்பிரிவில் பணியாற்றுகிறேன். அரசாங்க நிதியுதவி பெறும் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைப்பதைப்போல் எங்களுக்குக் கல்வி அமைச்சின் மானியம் கிடையாது. மாணவர் கட்டணமே ஏறத்தாழ முழு வருமானம். சேர்க்கை சரிந்ததும், எந்தச் செலவை வெட்டலாம் என்று நிர்வாகம் கேட்டது. சரிவு எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை முதலில் கணக்கிடுவோம் என்றேன்.

பிள்ளை பெறுவதற்கு மங்கலமானதாகச் சீனர்கள் கருதும் டிராகன் ஆண்டான 2000-இல் பிறப்புகள் கூடின. அவ்வாண்டில் பிறந்த பெண்கள் முதலிலும், ஆண்கள் ஈராண்டுத் தேசிய சேவையை முடித்துப் பின்னரும் உயர்கல்விக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அடுத்துவந்த ஆண்டுகளில் பிறந்தோர் குறைவு. மேலும், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் 40 விழுக்காட்டினருக்கு 2020-க்குள் மானியத்துடன் கூடிய பல்கலைக்கழக இடம் என்று 2012-இல் அரசாங்கம் இலக்கு வகுத்தபின், எங்களை நாடியிருக்கக்கூடிய பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் பலருக்கு அந்த மானியப் பல்கலைக்கழகங்களிலேயே இடம் கிடைத்தது. 2023-இல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.97. இதை ஓராண்டு மந்தம் என்று தேற்றிக்கொள்ள வழியில்லை.

ஆகவே வருமானத்தை ஆண்டுவாரியாக அன்றி, ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களை ஒரு குழுவாகக் கொண்டு, குழுவாரியாக மூன்றாண்டுகளுக்குக் கணித்தோம். சிறிய குழு ஒன்று சேரும் ஆண்டில் பற்றாக்குறை லேசாகத்தான் தெரியும். பெரிய மூத்த குழுக்கள் பட்டம் பெற்று வெளியேறிய பிறகே அதன் முழு அளவு புலப்படும்.

செலவில் நாங்கள் கவனித்தது தலைக்கணக்கை அன்று, வகுப்புகளின் எண்ணிக்கையை. பன்னிரண்டு பேர் அமர்ந்தாலும் நாற்பது பேர் அமர்ந்தாலும் விரிவுரையாளர் ஊதியமும் அறை வாடகையும் ஒன்றே. கணக்கியல், வணிக நிர்வாகம் ஆகிய இரு பட்டங்களிலும் தனித்தனியாகக் கற்பிக்கப்பட்ட புள்ளியியல் போன்ற பொதுப் பாடங்களை இணைத்ததில் மிஞ்சிய தொகை, ஆட்குறைப்பு யோசனையில் காட்டப்பட்ட சேமிப்பைவிட அதிகம். ஆனால் இணைப்புக்குப் பங்காளிப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கள் பொறுமையைச் சோதித்த கட்டம் அதுதான்.

ஒரு படிப்பையே மூடிவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. மூடினாலும், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு இறுதிவரை கற்பித்தே ஆகவேண்டும். காரணங்கள் வேறாயினும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் இணைந்து தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரியின், 2021-இல் அறிவிக்கப்பட்ட மூடல், கடைசிக் குழு பட்டம் பெற்ற 2025 வரை நீண்டதை எடுத்துக்காட்டினேன். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் படிப்புக் கட்டணத்துக்காக 2024 மே முதல் அரசாங்கம் வழங்கிய 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைச் சிலர் பெரிதாக நம்பினர். தெரிவுசெய்யப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அதை, உறுதியான வருமானமாக எழுத நான் இசையவில்லை.

குறைந்தபட்ச எண்ணிக்கை சேராத விருப்பப் பாடம் நடைபெறாது என்ற நிபந்தனையுடன் நிர்வாகக் குழு திட்டத்தை ஏற்றது. பட்டத்தை முடிக்க அப்பாடம் தேவைப்படும் இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்ற வரியை, விவாதித்துச் சேர்க்க வைத்தோம்.