ஜோடா கர்

வங்கி வேலையில் எனக்குக் கிடைத்த முதல் வெளிமாநில மாற்றல் ஜலந்தர். கிளை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜி. எனக்கு 26 வயது, அவருக்கு 57. பகலெல்லாம் 'சார்' என்றவர், ஷட்டரை இறக்கியதும் 'புத்தர்' என்று கூப்பிட்டார். அவ்வளவு சாந்தமாகவா தெரிகிறோம் என்று ஒரு வாரம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பஞ்சாபியில் புத்தர் என்றால் மகன். நம் புத்திரன்தான்.

தமிழ்நாடு என்றதும் அவர் விசாரித்தது பாஸ்கரனை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் கேப்டன். "அப்போ உனக்கும் ஹாக்கி வரும்" என்று அவரே முடிவுகட்டிவிட்டார். எனக்கு வராது. ஆனால் அவர் ஊர் சன்சார்பூருக்குப் பக்கம். கன்டோன்மென்ட்டை ஒட்டிய அந்த ஒரு கிராமத்திலிருந்து 14 பேர் ஒலிம்பிக் ஹாக்கி ஆடியிருக்கிறார்கள். உதம் சிங் ஒருவரிடமே மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அங்கே போய் ஹாக்கி வராது என்பது, தஞ்சாவூரில் உட்கார்ந்து சோறு இறங்காது என்பது போல.

காலை ஆறு மணிக்கு மைதானம். பள்ளிக்கூடப் பையன்களுக்கு நடுவில் அவர். "குனி புத்தர், இன்னும் குனி" என்று ஸ்டிக்கால் என் முதுகில் தட்டுவார். முழங்கால் வலி, ஓட முடியாது. பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். பையன்கள் மூச்சிரைக்க ஓடி வந்து அவரிடமே பறிகொடுப்பார்கள். பத்து மணிக்கு எனக்குக் கதவைத் திறந்து சல்யூட் அடிக்கும்போது முகத்தில் ஒரு சுவடும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை குருத்வாரா. அங்கே எல்லோருக்கும் சாப்பாடு போடும் பொதுச் சமையற்கூடமான லங்கரில் நான் இட்ட ரொட்டி ஒன்றுகூட உப்பவில்லை. சரி என்று ஜோடா கருக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிறவர்களின் செருப்பைக் கையால் வாங்கி, துணியால் துடைத்து, அடுக்கில் வைத்து டோக்கன் தர வேண்டும். சர்தார்ஜிக்குப் பல வருஷமாக அதுதான் சேவை.

ஒருநாள் குனிந்து ஷூவை நீட்டியவர், முந்தின வாரம் நான் கடன் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பிய வாடிக்கையாளர். சின்னதாக ஹாக்கி மட்டைப் பட்டறை வைத்திருப்பவர். 1947இல் சியால்கோட்டிலிருந்து வந்த குடும்பம். நிமிர்ந்தார். நான். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

"ஓரத்தில் மண் இருக்கு பார், துடை" என்றார் சர்தார்ஜி.

துடைத்தேன்.

சாப்பிட்டுத் திரும்பியவர் டோக்கனை நீட்டியபடி, "திங்கட்கிழமை அந்தப் பேப்பரை மறுபடி கொண்டுவரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சர்தார்ஜி ஷூவை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இங்கே செருப்பு மட்டும்தான் ஜீ."