லித்தியத்தை இரண்டாவது முறை படித்தபோது

மருந்தியல் வாய்மொழித் தேர்வுக்கு, அளவுமீறிய உற்சாகமும் (மேனியா) ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறுக்கான மருந்துகளின் அட்டவணையை நெட்டுருப் போட்டுவிட்டுப் போனேன். லித்தியம் எந்தெந்த நொதிகளைத் தடுக்கும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்ததும் தேர்வாளர் கேட்டார்: "நொதி உடனே தடைபடுகிறதே, மேனியா தணிய மட்டும் ஏன் நாள் கணக்கில் ஆகிறது?" என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அடுத்த முறை அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய தாளில் ஒரே ஒரு நரம்புச் செல்லை வரைந்தேன். வெளியே செல்சவ்வு, நடுவே உட்கரு. மருந்து எங்கே கை வைக்கிறதோ அங்கே அதன் பெயர். நீங்களும் இப்படியே தொடங்குங்கள்; முதலில் லித்தியத்தை வையுங்கள்.

சவ்வில் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி தூண்டப்பட்டால் பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதி, அங்கே உள்ள பிஐபி2 என்ற கொழுப்பைப் பிளக்கிறது. அதில் பிறக்கும் ஐபி3 செல்லுக்குள் கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது. வேலை முடிந்த ஐபி3, பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக இழந்து, பிஐபி2-வின் மூலப்பொருளான இனோசிட்டாலாக மாறி மறுபடியும் சவ்வுக்குத் திரும்ப வேண்டும். கடைசி பாஸ்பேட்டைக் கழற்றுவது ஐஎம்பேஸ். அந்த நொதிக்கு மக்னீசியம் தேவை. லித்தியம் அயனியின் அளவு மக்னீசியத்துக்கு மிக அருகில் இருப்பதால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே அவசரப்படாதீர்கள். நொதி மாற்ற வேண்டிய வினைபடுபொருள் ஏற்கெனவே அதில் வந்து அமர்ந்த பிறகுதான் லித்தியம் அதைப் பிடிக்கிறது. ஆகவே பாதை எவ்வளவு மும்முரமாக ஓடுகிறதோ, தடையும் அவ்வளவு இறுகும். அமைதியாக இருக்கும் செல்லை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இரத்தத்திலிருந்து இனோசிட்டால் மூளைக்குள் எளிதில் நுழையாததால் பற்றாக்குறை மூளையில்தான் உறைக்கும். 1989-இல் ஆய்வாளர் மைக்கேல் பெரிட்ஜும் சகாக்களும் விரித்துரைத்த கருதுகோள் இது. விடைத்தாளில் 'கருதுகோள்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நிரூபணமான உண்மை போல எழுதுவது பிழை.

தேர்வாளரின் கேள்விக்கான பதில் உட்கருவின் பக்கம் கிடைத்தது. லித்தியம் ஜிஎஸ்கே-3 நொதியையும் தடுக்கிறது என்று 1996-இல் தெரியவந்தது. அந்த நொதி தடைபட்டால் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் சிதையாமல் சேர்ந்து, உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். புதிய புரதம் உருவாகி, நரம்பு இணைப்புகள் மாறுவதற்கு நாள்கள் ஆகத்தானே செய்யும்? இதே கோளாறுக்குத் தரும் இன்னொரு மருந்தான வால்புரோயேட்டுக்கும் உட்கருவில் ஒரு வேலை உண்டு: டிஎன்ஏவை இறுக்கிவைக்க உதவும் ஹிஸ்டோன் டிஅசெட்டிலேஸ் நொதிகளைத் தடுத்து, சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவைத் தளர்த்துகிறது.

லாமோட்ரிஜின், கார்பமாசெபைன் என்ற மருந்துகள் சவ்விலேயே நிற்பவை. வேகமாகத் துடிக்கும் நரம்பின் சோடியம் வாய்க்கால்களைச் செயலிழந்த நிலையில் பிடித்து வைக்கின்றன. ஓய்ந்த செல்லை விட்டு, ஓடும் செல்லையே பிடிப்பதில் லித்தியத்தின் குணம் இங்கும் தெரிகிறது. இந்த ஒற்றுமை படத்தில் பார்த்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது. உளப்பிறழ்வு எதிர் மருந்துகளுக்கு டோபமைன் டி2 ஏற்பியும் செரட்டோனின் 2ஏ ஏற்பியும் குறித்தால் இந்தத் தலைப்புக்குப் போதும்.

பக்கவிளைவுகளைத் தனிப் பட்டியலாகப் படிப்பது வீண் உழைப்பு. அதே தாளின் ஓரத்தில் சிறுநீரகச் சேகரிப்புக் குழாயின் செல் ஒன்றையும் வரைந்துகொண்டேன். லித்தியம் அங்கே சோடியம் வாய்க்கால் வழியாக உள்ளே நுழைந்து, தண்ணீரை உறிஞ்சும் அக்வாபோரின்-2 புரதத்தைக் குறைக்கிறது; அதனால் சிறுநீர் பெருகுகிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் சிகிச்சைக்குப் போதும், 1.5-ஐத் தாண்டினால் நச்சு. உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் சேர்த்தே மீட்டுக்கொள்ளும், அளவு ஏறிவிடும்.

இரண்டாவது தேர்வில் கேட்ட கேள்வி: லித்தியம் எடுப்பவர் ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கிறார், அமிலோரைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்து ஏன் உதவும்? அந்த மருந்து அடைப்பது லித்தியம் நுழையும் அதே வாசலை. தாளின் ஓரம் கண்ணுக்குள் வந்து நின்றது, சொல்லிவிட்டேன்.