ஆலை வாசம்

11 ஜனவரி 2025, சனி

கவுந்தப்பாடி போகிற வழியில் ஏதோ ஒரு தோட்டத்தில் கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. ஆலை கண்ணில் படவில்லை. காய்ந்த சக்கை எரிகிற புகையோடு பாகு கொதிக்கிற வாசம் மட்டும் பஸ்ஸுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. பயம் முதலில் வந்தது. எதற்குப் பயம் என்பது அப்புறம்தான் வந்தது.

எனக்கு ஆறு வயசிருக்கும். அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவுடைய, ஆலையில் ராத்திரி. பாகு காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்திலேயே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமாவும் பாட்டி அம்மிச்சியும் அவரைக் காரில் ஏற்றினார்கள். "அழுகாத சாமி, இங்கயே இரு" என்று அம்மிச்சி என்னைச் சக்கைப் போரில் உட்காரவைத்துவிட்டுப் போனார். கொதிக்கிற பாகு யாருக்காகவும் காத்திருக்காது. ஆட்கள் பதம் பார்த்து இறக்கி, மரத்தொட்டியில் ஊற்றி, ஆற ஆறத் தேய்த்துச் சர்க்கரை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. விடியும்வரை அந்த வாசம்தான்.

அப்புச்சி பிழைத்து வந்தார், அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். அந்தச் செய்தி என் மூக்குக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அதே ஊர் வெல்லம்தான் போட்டேன், மனசு சும்மா இருந்தது. நெய்யும் ஏலக்காயும் சேர்ந்தால் அது வேறு வாசம். அந்த ராத்திரிக்குச் சக்கைப் புகை வேண்டும்.

16 ஜனவரி, வியாழன்

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் முதலில் தலாமஸ் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து பிரிகின்றன. வாசம் மட்டும் மூக்கின் உச்சியிலிருந்து, மூளையில் வாசத்தை வாங்கிக்கொள்கிற நுகர்ச்சிக் குமிழுக்கும், அங்கிருந்து நேரே அமிக்டலாவுக்கும் போகிறது. பயமும் பாசமும் பதிகிற இடம் அது. நினைவைச் சேர்த்துவைக்கிற ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டியே இருக்கிறது. பஸ்ஸில் பயம் முந்திக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் படித்தேன். வாசம் கிளப்பிவிடுகிற நினைவுகள் பெரும்பாலும் பத்து வயசுக்கு முந்தியவையாம். சொல்லும் படமும் கிளப்புபவை அதற்குப் பிந்தியவை. ஒரு வாசம் முதல்முதலில் எதோடு ஒட்டிக்கொள்கிறதோ, அது லேசில் விடாது போலிருக்கிறது.

20 ஜனவரி, திங்கள்

கடும் சளி. அம்மா அரிசிம்பருப்புச் சோறு செய்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். உப்பும் காரமும் தெரிந்தன, அரிசிம்பருப்பு தெரியவில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கின மணம், வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறினால்தான் அது அம்மா கைச் சோறு. நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, காளானிலும் தக்காளியிலும் வருகிற உமாமி என்று சில மட்டுமே தெரியும். மூக்கில் வாசம் பிடிக்கிற ஏற்பிகளோ ஏறத்தாழ 400 வகை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது.

26 ஜனவரி, ஞாயிறு

தம்பியிடம் போனில் சொன்னேன். அவனுக்கு ஆலை வாசம் என்றால் அப்புச்சி கரும்புத் துண்டைப் பாகில் முக்கி, ஊதி ஊதிக் கையில் கொடுத்ததுதான். ஒரே ஆலை, ஒரே கொப்பரை, ஒரே அப்புச்சி. "உனக்கு அது பயமாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த ராத்திரி நடந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

மகளை ஆலைக்குக் கூட்டிப்போனேன். இந்த யோசனை ஒரு வாரமாகவே இருந்தது. உள்ளே நுழைந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் நின்றேன். "வாங்க அம்மணி" என்று ஆலைக்காரர் தேக்கிலையில் சூடான பாகை எடுத்து வைத்தார். ஓரத்தில் பொன்னிறமாக நூல் இழுத்தது. அதில் நிலக்கடலையைப் போட்டு அவளுக்கு ஊட்டினேன். வாயெல்லாம் ஒட்டிக்கொள்ள, இன்னும் வேண்டும் என்றாள்.

ராத்திரிக் கதையை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு இந்த வாசம் இன்றைக்குத்தான் முதல்தடவை. அடுத்த வாரம் தம்பி வருகிறான், மறுபடி போகலாம் என்றிருக்கிறோம்.