பெரிய மனுஷத்தனமான குழந்தைகள்

ஐந்து வயதுக் குழந்தை அமைதியாக ஓரமாய் உட்கார்ந்து, பெரியவர்கள் பேச்சைக் கவனித்து, நடுவே ஒரு ஆழமான கேள்வி கேட்டால் "வயசுக்கு மீறின பக்குவம்", "போன ஜென்மத்து ஞாபகம்" என்று மெச்சுகிறோம். உண்மையில் வேறு வேறு காரணங்களால் அப்படி இருக்கும் குழந்தைகளை ஒரே பாராட்டுக்குள் அடைத்துவிடுகிறோம். காரணத்துக்கு ஏற்ப நாம் செய்யவேண்டியதும் மாறும்.

சில குழந்தைகளுக்கு இது பிறவிக் குணம். 1956இல் நியூயார்க்கில் மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் தொடங்கிய நீண்டகால ஆய்வில், சுமார் 15 சதவீதக் குழந்தைகள் புதிய சூழலுக்கு மெதுவாகப் பழகுபவர்கள். முதலில் பார்ப்பார்கள், பிறகுதான் கலந்துகொள்வார்கள். இதில் திருத்த ஒன்றுமில்லை. விழாவுக்குக் கூட்டம் சேருமுன்பே அழைத்துப் போனால் போதும்.

இன்னும் சிலருக்கு மொழி முந்திக்கொள்கிறது, மனம் அதன் வயதிலேயே நிற்கிறது. சாவைப் பற்றித் தெளிவாகக் கேட்ட அதே பிள்ளை, பிஸ்கட் உடைந்ததற்குத் தேம்பி அழும். "நீயா இப்படி அழுவுற?" என்று கேட்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பேச்சுத்திறனால் அதை அவசரப்படுத்த முடியாது. சாவைப் பற்றிக் கேட்டால், "உடம்பு வேலை செய்றது நின்னுபோச்சு, திரும்ப வராது" என இரண்டு வாக்கியத்தில் சொல்லி, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். "தூங்கிட்டார்" என்று சொன்னால், சில குழந்தைகள் தூங்கவே பயப்படுவார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது அடுத்த வகைக் குழந்தையைப் பற்றி. வீட்டில் நோய், சண்டை, பணநெருக்கடி, பெற்றோரின் மனச்சோர்வு என ஏதோ ஒன்று இருக்கும். குழந்தை தானே பெரியவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குடும்பச் சிகிச்சையாளர்கள் 1970களிலிருந்தே எழுதிவரும் விஷயம் இது. பதில் சொல்லுமுன் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? தனக்கு வலித்தாலும் "ஒண்ணுமில்ல" என்கிறதா? நீங்கள் அழுதால் தன் விளையாட்டை விட்டு வந்து தேற்றுகிறதா? எப்போதாவது என்றால் அது அன்பு. தினமும் என்றால் அது பணிச்சுமை. குணத்தால் அமைதியான குழந்தை, பழகிய இடத்தில் கத்தும், குறும்பு செய்யும். பாரம் சுமக்கும் இந்தக் குழந்தையோ வீட்டில்தான் அதிக எச்சரிக்கையாக இருக்கும்.

தட்டு எடுத்துவைப்பது, தம்பிக்குச் செருப்பு மாட்டுவது போன்ற வேலைகள் கெடுதல் செய்வதில்லை, யாராவது கவனித்து நன்றி சொன்னால். அம்மாவின் மனதைத் தாங்கும் வேலைதான் குழந்தையை ஒடுக்குகிறது. "இது பெரியவங்க கவலை, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல், உங்கள் பாரத்தை இறக்க வேறொரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குழந்தை நம்பாது. எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் பிடுங்கினால் தான் வேண்டாதவள் ஆகிவிட்டதாக எண்ணும். அதற்குப் பிடித்த ஒரு வேலையை விட்டுவையுங்கள். தினமும் 15 நிமிடம் அது சொல்கிறபடி விளையாடுங்கள். பாடம் வேண்டாம், திருத்தம் வேண்டாம். முதல் சில நாள் "உனக்கு என்ன விளையாடப் பிடிக்கும்?" என்று உங்களையே கேட்கும். பொறுத்திருங்கள்.

காரணம் தெரியாத வயிற்றுவலி, தூக்கக்கேடு, விளையாட்டில் ஆர்வமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் சமீபத்தில் என்ன மாறியது என்பதையும், குழந்தை எதிரில் இல்லாதபோது, மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.