ஐந்தாவது ஈட்டில் சுருள்பாசி நொறுங்கியது

நேற்று மாலை நாலரை மணிக்குத் தட்டிலிருந்து ஓர் இழையை எடுத்து விரலால் வளைத்தேன். டக்கென்று ஒடிந்தது. இன்னொன்று, அதுவும் ஒடிந்தது. நன்றாகக் காய்ந்ததற்கு அடையாளமான இந்தச் சத்தத்தைக் கேட்பதற்குள், நாலு ஈடு சுருள்பாசி (ஸ்பைருலினா என்ற, உண்ணக்கூடிய நுண்பாசி) வாழைமரத்தடிக்குப் போய்விட்டது.

வளர்ப்பில் எனக்குப் பெரிய சிக்கல் வந்ததில்லை. மொட்டைமாடியில் நாலுக்கு மூன்று அடித் தொட்டி, 200 லிட்டர், மேலே பாதி நிழல் வலை. விதைப்பாசி ஆரோவில் பக்கம் வளர்க்கும் ஒருவர் கொடுத்தது. நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 10.2-இல் நிற்கிறது, பாசியின் அடர்த்தியைப் பார்க்க நீரில் இறக்கும் வெள்ளைத் தட்டு இரண்டரை சென்டிமீட்டரில் மறைகிறது. இதையெல்லாம் பாசி வளர்க்கிற நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள். என்னை நாலு மாதம் அலையவைத்தது பிழிவதும் உலர்த்துவதும்தான்.

முதல் ஈட்டைத் தேன்குழல் அச்சில் பிழிந்தேன். தடித்த இழை. மேலே ஓடு மாதிரிக் காய்ந்தது, உள்ளே பச்சைக் களிம்பாகவே இருந்தது. இரண்டாவது தடவை ஓமப்பொடி அச்சு. அச்சு சரிதான், ஆனால் மாவு போலத் திரட்டிய பாசியில் தண்ணீர் அதிகம். இழை தட்டில் விழுந்த இடத்திலேயே படுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே ஏடாகப் போய்விட்டது. மூன்றாவதில் தண்ணீரை நன்றாகப் பிழிய வேண்டும் என்று துணியில் முடிந்து, எடுத்த எடுப்பிலேயே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். அடியில் கரும்பச்சையாக ஓடியது. பாதிப் பாசி துணி வழியாகவே வெளியே போயிருந்தது. நாலாவது நன்றாக வந்தது, ஆனால் மத்தியானம் மேகம் மூடி, கடல் காற்றும் சேர்ந்துகொண்டது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று உலர்த்தும் பெட்டியிலேயே விட்டேன். காலையில் என் மனைவி மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள்: "ஏங்க, யார் வீட்டுல கருவாடு காயப்போட்டிருக்காங்க?"

சரி, ஐந்தாவதில் என்ன மாறியது? முக்கியமாக, தண்ணீரைப் பிழியும் வேகம்.

காலை ஆறரைக்கு வடித்ததும் பாசியைத் துணியிலேயே அரை மணி நேரம் சும்மா விட்டேன். தானாக எவ்வளவு தண்ணீர் இறங்குமோ இறங்கட்டும். இடையிடையே துணியின் நாலு மூலையையும் மாற்றி மாற்றித் தூக்கி, பாசியை உருட்டி ஒரு பக்கமாகச் சேர்த்தேன். உருளும்போது துணியில் ஒட்டாமல் கழன்று வந்தால்தான் அடுத்த கட்டம். பிறகு முடிந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே இரண்டு கிலோ. பத்து நிமிடம் கழித்து நாலு கிலோ. அப்புறம் எட்டு. கடைசியில்தான் குழவி. ஒவ்வொரு தடவையும் கீழே வழிகிற தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தேன். இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள், அந்தத் தண்ணீரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். லேசான மஞ்சளாக வந்தால் சரியாகப் போகிறது. பச்சையாக வந்தால் பாசி துணியைத் தாண்டுகிறது, எடையைக் குறைக்க வேண்டும். நீலமாக வந்தால் செல் உடைந்து, பாசியின் நீல நிறமியான ஃபைக்கோசயனின் கசிகிறது. நான் முன்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசிக்கொண்டிருந்தபோது நீலம் அதிகமாக வந்தது. உப்பும் காரத்தன்மையும் உள்ள நீரில் வாழ்ந்த செல்லுக்கு வெறும் தண்ணீர் ஆகவில்லை. இப்போது லேசாக ஒருமுறை தெளிப்பதோடு சரி.

பிழிந்து முடிந்ததும் கத்தியால் வெட்டினால் கொழுக்கட்டை மாவு போல வெட்டிய முகம் மழமழவென்று நிற்க வேண்டும், கத்தியில் ஒட்டக்கூடாது. எடை 120 கிராம். உலர்ந்த பிறகு 25 கிராம். அவ்வளவு பிழிந்த பிறகும் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான்!

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கம் கனெம்பு இனப் பெண்கள் இதே பாசியைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து உண்கிறார்கள். ஏரிக்கரை மணலில் வட்டமாகக் குழி பறித்து, அதில் ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீரை மணல் உறிஞ்சிக்கொள்ள, மேலே நிற்கும் பாசியை வெயில் காயவைக்கிறது. துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் அதுதான் 'திஹே'. அவசரமே இல்லாத பிழிதல். எனக்கு மெதுவாக எடை ஏற்றும் யோசனை அதைப் படித்த பிறகுதான் வந்தது.

பாசி மாவை இழையாகப் பிழியும் நாழி பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் பித்தளை நாழி கைக்கு எவ்வளவோ இதமாக இருக்கிறது. ஆனால் காரத்தன்மையுள்ள ஈர மாவைப் பித்தளையில் வைக்க எனக்கு மனமில்லை, எவர்சில்வர்தான். வடிகட்டும் துணிக்கு 120 எண் ஸ்க்ரீன் பிரிண்டிங் துணி. கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. இணையத்தில் 'பாசி வடிகட்டி' என்று பெயர் போட்டு ஒருவர் விற்றதை முதலில் வாங்கினேன். அதே துணி, மூன்று மடங்கு விலை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

உலர்த்தும் பெட்டி பழையதுதான்: கறுப்புத் தகர மூடி, கீழும் மேலும் காற்றுவழி, ஒரு கம்ப்யூட்டர் விசிறி. உள்ளே 55 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன், 60-ஐத் தாண்டினால் நீலம் கெடும். நேர்வெயில் படக்கூடாது. எட்டரைக்கு வைத்தது அன்றைக்கே காய்ந்தாக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்று அத்தை கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நூற்றுக்கு அறுபது பங்கு புரதம் என்பது உண்மை, ஆனால் நான் சாப்பிடுவது தினமும் மூன்று கிராம். அதில் இரண்டு கிராம் புரதம்கூட வராது, ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. பி12-க்காகச் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். நான் சாப்பிடுவது இரும்புச்சத்துக்கும் பீட்டா கரோட்டினுக்கும். ரத்தக் கொழுப்பு ஓரளவு குறைவதாகவும் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, அதை நம்பி யாரும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம். ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனினை உடல் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ளவர்களுக்கு இது ஆகாது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரி இருந்த காலத்திலேயே கிராமத்துப் பெண்கள் வீட்டோரம் தொட்டி வைத்து இதை வளர்க்க வழி செய்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணையே நடக்கிறது. அப்படியிருந்தும் நம் ஊரில் பலருக்கு இது டப்பாவில் வரும் விலை உயர்ந்த மாத்திரையாகத்தான் தெரியும். அது எனக்கு வருத்தம்.

அடுத்து, தொட்டியில் பாசிக்கு ஊட்டமாக இடும் இரும்பு. பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பை விட்டுவிட்டு, ஆணியை வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் இரண்டு வாரம் ஊறவைத்து அந்தச் சாற்றை ஊற்றப் போகிறேன். ஆணி வாங்கியாகிவிட்டது, துத்தநாகப் பூச்சு இல்லாததாகத் தேடி எடுக்கவே மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. ஆறாவது ஈடு வெள்ளிக்கிழமை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பெட்டிக்குள் ஒரு பல்பு மாட்ட வேண்டியிருக்கும். 40 வாட்டா 60 வாட்டா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, மழைக்காலத்தில் உலர்த்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

இன்று காலை அந்த 25 கிராமில் ஒரு கரண்டியைப் பொடித்து, கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோரில் கலக்கிக் குடித்தோம். கருவாட்டு வாடை துளியும் இல்லை. அத்தை இரண்டாவது டம்ளர் கேட்டார்.