அக்காவின் சோர்வும் என் சோர்வும்

எனக்கும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் அக்காவுக்கும் நோய் ஒன்றுதான், நாள்பட்ட சோர்வு நோய். நான் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவேன். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் படுக்கை. அக்காவுக்குக் குளித்தாலே போதும், தலை துவட்டக் கை தூக்க முடியாது. திரையை இழுத்துவிட்டு, இந்தப் புழுக்கத்திலும் காற்றாடிச் சத்தம் ஆகாமல் கிடப்பார்.

நோயாளிகளில் கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடு முடங்குகிறார்கள் என்றது 2015இல் வந்த அமெரிக்க மருத்துவக் கழக அறிக்கை. அக்காவின் மாமியாரோ, "அவளே சந்தைக்குப் போறா, உனக்கென்ன?" என்கிறார். என்னை உதாரணம் காட்டுவதுதான் எரிச்சல்.

இந்த நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை, மருத்துவ வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. அதையும் மாமியாரிடம் சொன்னேன்.

"சரி, அப்போ புளோக்கைச் சுத்தி மெதுவா நடக்கச் சொல்லு" என்றார்.