ஜேனியின் சாமி

போன ஞாயிறு அக்கா மகளோடு உட்கார்ந்து ‘ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்’ பார்த்தேன். ஜூடி புளூம் 1970இல் எழுதிய நாவலை வைத்து கெல்லி ஃப்ரீமன் கிரெய்க் இயக்கி 2023இல் வந்த படம். மார்கரெட்டுக்குப் பதினோரு வயது. அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். எந்த மதம் என்பதை வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அவளோ ராத்திரியில் கடவுளோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா சைவம், அம்மா வேதக்காரி, அதாவது கத்தோலிக்கர். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தோம். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை. எனக்கு ஒன்பது வயதில், ஒரு ஞாயிறு காலையில் அப்பா பூசிவிட்ட திருநீற்றோடு மறைக்கல்வி வகுப்புக்குப் போய்விட்டேன். சொல்லிக்கொடுக்கிறவர் வாசலிலேயே நிறுத்தி, தன் லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து என் நெற்றியை அழுத்தித் துடைத்தார். லேஞ்சியில் சவர்க்கார வாசம். திருநீறு போய்விட்டது. ஆனாலும் அவர் இன்னும் இரண்டு தரம் துடைத்தார். அப்பாவை யாரோ கை நீட்டி அடித்தது போல இருந்தது எனக்கு.

அதனால்தான், தாத்தா பாட்டிமார் கூடி மார்கரெட் எந்த மதம் என்று அவள் முன்னாலேயே சண்டை போடும் இடத்தில் அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. கதை நடப்பது 1970இல், நியூ ஜெர்சியில். தோழி ஜேனியும் வகுப்பு ஆசிரியர் பெனடிக்டும் கறுப்பினத்தவர்கள். அதைக் கதை தனியாகச் சுட்டிக்காட்டுவதில்லை. மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஜேனியும் வெட்கப்படுகிறாள், சிரிக்கிறாள். மார்கரெட் அவளோடு தேவாலயத்துக்குப் போகிறாள். பாட்டும் கைதட்டலுமாக அந்த இடமே நிறைந்திருக்கிறது. அப்புறம் கதை திரும்பவும் மார்கரெட்டிடம் போய்விடுகிறது.

“சித்தி, ஜேனி சாமிகிட்ட என்னா கேப்பா?” என்றாள் பிள்ளை.

நல்ல கேள்வி. ஜேனியின் முகம் படத்தில் இருக்கிறது, வேண்டுதல் மட்டும் நமக்குக் கேட்கவில்லை. ஒரு பிள்ளையைத் திரையில் கொண்டுவருவதென்றால் அவள் மனசுக்குள் பேசுவதும் வர வேண்டும் என்பேன்.

மலையகத் தமிழர்களான எங்களுக்கோ திரையில் முகமே சரியாகக் கிடைக்கவில்லை. நான் பார்த்த தமிழ்ப் படங்களில் தேயிலை மலை என்றால் காதல் பாட்டுக்குப் பச்சைத் திரை, கொழுந்துக்கூடையோடு நாலு பெண்கள், அவ்வளவுதான். இலங்கையின் 2012 கணக்கெடுப்பில் எங்களைப் போல ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள் மட்டும் 8 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேல். அத்தனை வீட்டிலும் பிள்ளைகள் ஏதோவொரு சாமியிடம் பேசித்தானே வளர்கிறார்கள்? தேயிலைத் தொழிற்சாலைக்கு ரோதைமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்க, கவ்வாத்து வெட்டப்போகுமுன் கும்பிட கவ்வாத்துசாமி, மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து. இவற்றோடு என்னைப் போல புதுநன்மைக்கு, முதன்முதல் நற்கருணை வாங்க, வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறாள். அவளை வைத்து ஒரு படம் வர வேண்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எடுத்தால் இன்னும் நல்லது.

“நீங்க அன்னைக்கு என்னா வேண்டுனீங்க?” என்று பிள்ளை விடவில்லை. வகுப்பில் கண்ணை மூடச் சொன்னபோது, மாதா சுரூபத்துக்கு முன்னால், அடுத்த வாரம் மாரியம்மனுக்குக் கரகம் ஜோடித்துப் பாலிக்கிற அன்றைக்கு மழை வரக் கூடாது என்று கேட்டேன். கரகம் தூக்குவது அப்பா.